தம்பியின் இரண்டு வருடம்

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக உயரமான கட்டடங்களின் லிஃப்டுகளை ஓட வைப்பதுதான் அவன் பிழைப்பு. அப்படிப்பட்டவன் நான்கு வருடமாக எந்த லிஃப்டிலும் கால் வைப்பதில்லை. கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினான்கு மாடியானாலும் படியேறித்தான் போகிறான். தொடைக்கு நல்லதாம். போன வருடம் ஒரு குடியிருப்பில், ரிப்பேர் பார்க்க வந்த மெக்கானிக்கே படியில் மூச்சு வாங்க ஏறிப் போவதை மூன்றாம் மாடி அம்மாள் ஒருத்தி பார்த்துவிட்டாள். லிஃப்டில் ஏதோ பெரிய கோளாறு, நம்மிடம் மறைக்கிறார்கள் என்று கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஒரு வாரம் ஒருவரும் அதில் ஏறவில்லை. செயலாளர் கம்பெனிக்குப் புகார் எழுதினார். மேலாளர் கூப்பிட்டுக் கேட்டதற்கு இவன், "பயிற்சி சார்" என்று பதில் சொன்னானாம். இதை வீட்டுக்கு வந்து பெருமையாக வேறு சொன்னான்.

எதற்குப் பயிற்சி என்று கேட்பீர்கள். நானும் ஒரு காலத்தில் கேட்டேன், அதுதான் நான் செய்த தப்பு. கடல் தாண்டி ஏதோ ஓர் ஊரில் ஒரு மாரத்தான் நடக்கிறதாம். நாற்பத்திரண்டு கிலோமீட்டரும் அதற்கு மேல் கொஞ்சமும். ஊர் ஊருக்கு நடக்கிற மற்ற ஓட்டங்களைப்போல அதில் பணம் கட்டிவிட்டுப் போய் நின்றுவிட முடியாது. வேறொரு ஓட்டத்தில் குறித்த நேரத்துக்குள் ஓடி முடித்தேன் என்று அத்தாட்சி காட்டினால்தான் சேர்ப்பார்கள். ஐம்பதிலிருந்து ஐம்பத்துநான்கு வயதுவரை உள்ள ஆண்களுக்கு மூன்று மணி இருபது நிமிடம். ஐம்பத்தைந்து ஆகிவிட்டால் பத்து நிமிடம் சலுகை, மூன்று மணி முப்பது. தம்பிக்கு ஐம்பத்துமூன்று. ஆகவே மூன்று இருபது. நான்கு வருடமாக அவன் வாயில் வேறு எண் வந்ததில்லை. அவனுடைய ஓட்டக் குழுவில் அவன் பெயரே 'மூணு இருபது'.

அந்தக் குழுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வரும். அதன் தலைவர் ஒரு டைல்ஸ் கடைக்காரர். எல்லாரும் அவரைக் கேப்டன் என்கிறார்கள். இடுப்பு வாரில் நான்கு சின்னத் தண்ணீர் பாட்டில்களைச் செருகிக்கொண்டு மைதானத்துக்கு வருவார். வாழ்க்கையில் ஒருமுறைகூட முழு தூரம் ஓடாதவர். பாதி ஓட்டத்துக்கே அடுத்த இரண்டு நாள் கடையைத் திறக்கமாட்டார். ஆனால் எவன் எப்படி மூச்சு விட வேண்டும், எவன் குதிகால் எங்கே பட வேண்டும் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. என் தம்பி அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிவைக்கிறான். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் இவன் நோட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை எண்ணூறு மீட்டர் பத்து தடவை. வியாழக்கிழமை வேக ஓட்டம். வெள்ளி ஓய்வு, ஓய்வு என்றால் தரையில் படுத்து ஒரு கட்டையை முதுகுக்கடியில் உருட்டிக்கொண்டு முனகுவது. ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டு கிலோமீட்டர். ஓடிவிட்டு வந்து, துணி ஊறப்போடுகிற பிளாஸ்டிக் டிரம்மில் ஐஸைக் கொட்டி இடுப்புவரை உட்கார்ந்துகொள்வான். அன்றைக்கு அந்த வீட்டில் துணி துவைக்க முடியாது. கால் நகங்கள் கறுத்து ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. பனியன் உராய்ந்து ரத்தம் வருகிறது என்று மார்பில் இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு, மகள் எதிரிலேயே சட்டையில்லாமல் நடமாடினான். அவன் மனைவி டெய்லர். முன்னறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பாள். துணி அளவு கொடுக்க வருகிற பெண்கள் இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் ஆச்சா?" என்று கேட்பார்கள்.

நான் எதிர் வீடு. அதாவது ஒரே மாடியில் கதவுக்குக் கதவு. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இவனைப் பார்த்து வளர்ந்தவளுக்கு ஆண்களிடம் என்ன ஆசை வரும். ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூமில் வேலை. நோயாளிகளின் கோப்புகளை எண் வாரியாக அடுக்குவது, டாக்டர் கேட்டால் எடுத்துக் கொடுப்பது, வயதும் தேதியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. முப்பத்திரண்டு வருடம் கோப்புகளைப் படித்தவளுக்கு மனிதர்கள்மேல் பெரிய மரியாதை இருக்காது. குடிப்பதே இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கும், நான்காம் பக்கத்தில் ஈரல் வீங்கியிருக்கும். முழங்கால் கோப்புகள் தனி அலமாரி. அதில் ஓட்டக்காரர்களுக்கென்றே ஒரு தட்டு ஒதுக்கலாம். தம்பியிடம் சொன்னேன்.

"உன் கோப்பு எந்த எண்ணுல வரும்னு இப்பவே பாத்து வெச்சிருக்கேன்டா."

"என் முட்டி நல்லாத்தான் இருக்குக்கா. ஒரு கிலோமீட்டர் நாலு நாப்பத்தினாலுல ஓடினாப் போதும்," என்றான். நான் சொன்னது காதிலேயே விழவில்லை.

முதல் வருடம் தகுதி ஓட்டத்தில் மூன்று நாற்பத்தொன்று. இரண்டாம் வருடம் மூன்று இருபத்தொன்பது. மூன்றாம் வருடம் காய்ச்சல். நான்காவது தடவை, போன மாதம், அவன் மனைவியால் போக முடியவில்லை. பள்ளிச் சீருடை ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்தது. "நீங்க ஒரு வாட்டி போய் நில்லுங்க அண்ணி, பாவம்," என்று அவள் கெஞ்சியதால் நான் போனேன்.

ஓட்டம் முடிகிற இடம் ஒரு விளையாட்டு மைதானம். அங்கே நான் பார்த்த காட்சியைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நல்ல வேலையில் இருக்கிற, பேரன் பேத்தி எடுத்த மனிதர்கள் புல்தரையில் குப்புற விழுந்து அழுகிறார்கள். ஒருவர் செல்போனில், "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று யாரிடமோ விம்மினார். என்னவோ போர்க்களத்திலிருந்து திரும்பி வந்ததுபோல. முதலில் வந்தவனுக்கும் பதக்கம், எண்ணூறாவதாக வந்தவனுக்கும் அதே பதக்கம். கழுத்தில் மாட்டிக்கொண்டு அதைக் கடித்து வேறு படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் துரத்தாமல் ஓடிய இத்தனை பேரை நான் ஒரே இடத்தில் பார்த்தது அன்றுதான்.

பெரிய கடிகாரம் மூன்று மணி இருபதைத் தாண்டியபோது தம்பியைக் காணவில்லை. இருபத்திரண்டு, இருபத்துநான்கு. இருபத்தாறு நிமிடம் நாற்பது விநாடியில் வந்தான். ஒரு காலை இழுத்துக்கொண்டு, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு வந்தான். கோட்டைத் தாண்டியதும் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த வாட்ச்சைத்தான் பார்த்தான். பிறகு கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு என் செருப்பின்மேல் வாந்தி எடுத்தான்.

"முப்பத்தெட்டாவது கிலோமீட்டர்ல கால் பிடிச்சுக்கிச்சுக்கா," என்றான்.

"வீட்ல படுத்திருந்தா பிடிச்சிருக்காது," என்றேன்.

அவன் அழவில்லை. அழுதிருந்தால் இன்னும் நான்கு வார்த்தை சொல்லியிருப்பேன். பேருந்தில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு வந்தான். ஆறு நிமிடம் நாற்பது விநாடி, அதற்கு இந்த முகம். இத்தோடு விட்டது சனியன் என்று நான் நினைத்தேன்.

விடவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூட நேராகக் கழற்றாமல் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, அந்த ரெண்டு வருஷத்தை நீயே திருப்பி எடுத்துக்கோ," என்றான்.

எந்த இரண்டு வருடம் என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. அது எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த கதை. தெரியாதவர்களுக்கு நானே சொல்லியிருக்கிறேன். தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்ற நினைப்பே எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை. அவன் பாட்டுக்குத் தெருவில் திரிந்துகொண்டிருந்தான். ஒருநாள் நானே அவன் கையைப் பிடித்து, நான் படித்த பள்ளிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவனுக்கு அப்போது ஏழு வயது. ஆறு தாண்டிய பிள்ளையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கமாட்டோம் என்று தலைமையாசிரியர் எனக்கு முன்னால் நின்ற ஒருத்தியைத் திருப்பி அனுப்பினார். என் முறை வந்தபோது, "அஞ்சு வயசு சார்" என்றேன். பையன் சோனியாக இருந்தான். அவர் நம்பினார். ஒரு தேதியையும் அவரே போட்டுக்கொண்டார். அந்தத் தேதிதான் இன்றுவரை அவனுடைய எல்லாக் காகிதத்திலும் இருக்கிறது. வேலையில் இரண்டு வருடம் கூடுதலாக இருக்கப்போகிறான் என்றால் அதற்கு நான்தான் காரணம் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். அவனுக்கு உண்மையில் ஐம்பத்தைந்து.

ஐம்பத்தைந்து என்றால் மூன்று முப்பது. போன மாதம் ஓடியது மூன்று இருபத்தாறு நாற்பது. மூன்று நிமிடத்துக்குமேல் மிச்சம். அந்த மூன்று நிமிடம் போதும், இடம் உறுதி என்று கேப்டன் சொல்லிவிட்டாராம். விண்ணப்பம் போட இன்னும் மூன்று வாரம். அதற்குள் அடையாளக் கார்டில் பிறந்த தேதியைத் திருத்த வேண்டும். அவன் வீட்டில் பிறந்தவன். ஆஸ்பத்திரிச் சீட்டு கிடையாது. அப்பா அம்மா இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு, பிறந்தது நேரடியாகத் தெரிந்த மூத்த ரத்த சொந்தம் ஒருவர் பதிவு அலுவலகத்துக்கு வந்து எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதுமாம். உலகத்தில் அப்படி மிச்சமிருப்பது நான் ஒருத்திதான்.

"திருத்தினா என்ன ஆகும்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும். ரெண்டு வருஷம் முன்னாடியே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. ஆபீஸ்ல கேட்டுட்டேன்."

"எங்க ரெக்கார்டு ரூமுக்கு வர்ற அத்தனை பேரும் வயசைக் குறைச்சு சொல்றாங்க. கூட்டிக் குடுங்கன்னு கேக்கற ஒரே ஆளு நீதான்டா. அங்க போய் ஓடினா மட்டும் என்ன வந்துடும்? முதல் பரிசா தரப்போறாங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தான். யோசிக்கிறபோது இவன் முகம் ஏழு வயதிலிருந்ததுபோலத்தான் இருக்கும்.

"இங்க யாரு வேணா ஓடலாம்க்கா. காசு கட்டினாப் போதும். அங்க ஓடத் தெரிஞ்சவன் மட்டும்தான் நிக்க முடியும். அந்தக் கூட்டத்துல ஒரு தடவை நிக்கணும். அவ்வளவுதான்."

இதற்காக ஒருவன் இரண்டு வருட வேலையைத் தூக்கிப் போடுவானா. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அவன் மனைவி வந்தாள். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. மெஷினிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறாள்.

"கையெழுத்து போட்டுடாதீங்க அண்ணி. உங்க கால்ல வேணா விழறேன். பொண்ணு படிப்பு முடிய இன்னும் எத்தனை வருஷம் இருக்குன்னு அவருக்குத் தெரியாதா? அவருக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்கு. நீங்க படிச்சவங்க."

"உன் புருஷனை நீ அடக்கி வெக்கணும். அடக்க முடியலன்னு எங்கிட்ட வந்து நின்னா?"

"நான் சொன்னா கேப்பாரா? நீங்க மாட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுபோச்சு."

அவள் சொன்னது சரிதான். நான் மாட்டேன் என்றால் முடிந்துவிடும். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது, எனக்கும். ஆனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் கதவைப் பிடித்து நின்ற அவளைப் பார்த்தபோது எனக்கு இரக்கம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இருபது வருடமாக அவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, டிரம்மில் ஐஸ் கொட்ட அவளே பையைப் பிடித்துவிட்டு, கடைசியில் என்னைக் கெட்டவளாக்கப் பார்க்கிறாள். கையெழுத்துப் போடுவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன்.

பாசத்தால் செய்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். பொய் சொல்வதற்கு எனக்கு இப்போது ஒன்றுமில்லை. அந்த ஓட்டத்தை ஓடிவிட்டு வந்து, கம்பெனி விதிப்படி ஐம்பத்தெட்டில் வேலையில்லாமல், மனைவி மெஷின் மிதிப்பதைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்காரட்டும். அப்போது எதிர் வீட்டிலிருந்து நான் பார்க்க வேண்டும். அதுதான் ஆசை. இன்னொன்றும் இருந்தது. இவனுக்கு வயதைக் குறைத்ததும் நான்தான், கூட்டப்போவதும் நான்தான் என்பதில் ஒரு திமிர்.

வாக்குமூலத்தை நானே எழுதினேன். என் கையெழுத்தை ஆஸ்பத்திரியில் டாக்டர்களே பாராட்டுவார்கள். ஒரு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாமல். தம்பியிடம் படித்துக் காட்டினேன். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான்.

பதிவு அலுவலகத்தில் எங்களுக்குப் பத்தரை மணி கொடுத்திருந்தார்கள். பதிவாளர் ஒரு சின்னப் பெண். எனக்கு மகள் இருந்தால் இவள் வயதுதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடுகிற ரகம். சரி, இவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவாள் என்று நினைத்தேன். தம்பி என் பக்கத்து நாற்காலியில், முட்டியின்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. சகிக்கவில்லை.

அவள் வாக்குமூலத்தைச் சத்தமாகப் படித்தாள். விதி அப்படியாம்.

"என் தம்பி வீட்டில் பிறந்தான். அன்று எனக்கு வயது ஆறு. விடியற்காலையில் அம்மாவுக்கு வலி எடுத்தது. வீட்டில் வேறு யாரும் இல்லாததால் நான் தனியாகத் தெருமுனைவரை ஓடிப்போய் மருத்துவச்சியை எழுப்பி அழைத்துவந்தேன். குழந்தையை முதலில் வாங்கித் துணியில் சுற்றியதும் நான்தான்."

படித்துவிட்டு என் கார்டை எடுத்தாள். கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கி மூக்கில் போட்டுக்கொண்டாள். ஒரு தாளில் எதையோ கூட்டிக் கழித்தாள். இன்னொரு தடவை கூட்டினாள்.

"அம்மா, இதுல ஆறு வயசுன்னு எழுதியிருக்கீங்க. உங்க கார்டுப்படி பாத்தா, நீங்க சொல்ற தேதியில உங்களுக்கு மூணு வயசுதான் வருது."

என் கார்டைத் திருப்பி வாங்கக் கையை நீட்டினேன்.

"மூணு வயசுக் குழந்தை தெருமுனை வரைக்கும் தனியாப் போய் மருத்துவச்சியைக் கூட்டிட்டு வந்துச்சா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தம்பி பிறந்தபின் அவனைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை. அம்மா வேலைக்குப் போனாள். அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் வீட்டில் இருந்தேன். அம்மாவின் வேலை நின்ற பிறகுதான் என்னைப் பள்ளியில் சேர்த்தார்கள். எனக்கு ஒன்பது வயது. அப்பா ஆறு என்று எழுதிக் கொடுத்தார். வயதைக் குறைத்துச் சொல்லலாம் என்று எனக்குத் தெரிந்ததே அப்படித்தான். அந்த மூன்று வருடம் என் எல்லாக் காகிதத்திலும் அப்படியே நின்றுவிட்டது. கார்டில் எனக்கு ஐம்பத்தெட்டு; உண்மையில் அறுபத்தொன்று. ஆஸ்பத்திரியில் அறுபதில் ஓய்வு; உண்மையான வயதுப்படி போன வருடமே நான் ரெக்கார்டு ரூமைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்க வேண்டும். அடுத்தவர் கோப்பில் வயதும் தேதியும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு பார்வையில் கண்டுபிடிப்பவள் நான். என் கையாலேயே எழுதினேன், நான்கு தடவை படித்தேன், எனக்கு உறைக்கவில்லை. தம்பி பிறந்த கதையை நாற்பது வருடமாக என் நிஜ வயதில்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"ஒண்ணு, இதுல எழுதியிருக்கறது தப்பா இருக்கணும்," என்றாள் அந்தப் பெண். "இல்லன்னா உங்க கார்டுல இருக்கறது தப்பு. கார்டு தப்புன்னா ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா, ரெண்டு பேருக்கும் சேத்தே திருத்திடலாம். நீங்க வேலை பாக்கற இடத்துக்கு நாங்களே ஒரு கடிதம் அனுப்பிடுவோம். எங்க வேலை பாக்கறீங்க?"

ஆஸ்பத்திரிக்குக் கடிதம் போகும். வயதைச் சரிபார்க்கிறவளே வயதை மறைத்தாள் என்று அந்தக் கட்டடம் முழுக்கச் சிரிக்கும். அந்த அறை போய்விட்டால் காலையில் எழுந்து எங்கே போவது என்று எனக்குத் தெரியாது. கார்டு தப்பு என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் தம்பி ஓடலாம். சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. மேசைமேலிருந்த பேனா ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை, ஆனாலும் தெரிந்தது.

"மேடம்," என்றான். "அது அம்மா சொல்லி அக்கா கேட்ட கதை. எனக்காகத்தான் எழுதிக் குடுத்தாங்க, நான்தான் ரொம்பத் தொந்தரவு பண்ணேன். அக்காவுக்கு அப்ப மூணு வயசுதான். அவங்களுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது. என் கார்டுல இருக்கறதே சரி. விட்டுடுங்க."

"அப்ப திருத்தம் வேண்டாமா சார்?"

"வேண்டாம் மேடம்."

என் அழகான கையெழுத்துப் பக்கத்தை அவள் திருப்பிக் கொடுத்தாள். அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எழுந்திருக்கும்போது நாற்காலியை மெதுவாக நகர்த்தினான், சத்தம் வராமல்.

வெளியே வந்து படியிறங்கும்போதுதான் குரல் வந்தது. அதுவும் கோபமாகத்தான் வந்தது.

"யாருடா உன்னைப் பேசச் சொன்னது?"

"உனக்கு வேலை போயிடும்லக்கா."

"உன் ஓட்டம்?"

"ரெண்டு வருஷம் போனா கார்டுலயே அம்பத்தஞ்சு வந்துடும். அப்ப ஓடிக்கறேன்," என்றான். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

கார்டில் ஐம்பத்தைந்து வரும்போது உடம்புக்கு ஐம்பத்தேழு. இந்த வருடமே முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் கால் இழுத்துவிட்டது. அந்த வயதில் இரண்டு வருடம் ஒரு முழங்காலை என்ன செய்யும் என்பதை நான் அலமாரி அலமாரியாகப் படித்திருக்கிறேன். அவனும் கணக்குத் தெரியாதவன் இல்லை. நான்கு வருடமாக விநாடி விநாடியாக எண்ணிக்கொண்டிருந்தவன். இனி அந்த நேரம் அவனுக்கு வரப்போவதில்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. எனக்கு அவனிடம் திட்டுவதைத் தவிர வேறு பேச்சுப் பழக்கமில்லை. அவன் பஸ் ஏறி வேலைக்குப் போய்விட்டான். நான் ஆஸ்பத்திரிக்குப் போய், அரை நாள் விடுப்புப் போக மிச்ச நேரம் கோப்பு அடுக்கினேன். வெட்கமாக இருந்தது. அறுபத்தொரு வயதில் முதல் தடவையாக அப்படி ஒரு வெட்கம்.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும் முன்பே எதிர் வீட்டிலிருந்து அவன் மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போனாள். தையல் மெஷின் மூடியிருந்தது. என்னை நாற்காலியில் உட்காரவைத்து, டீயைக் கையில் கொடுத்தாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"அவர் எல்லாம் சொன்னாரு அண்ணி. கடைசி நேரத்துல அந்தப் பேப்பரை வாங்கிக் கிழிச்சுப் போட்டீங்களாமே. பொண்ணோட படிப்பை நினைச்சுப் பாருடான்னு அங்கயே சத்தம் போட்டீங்களாம். உங்களைப் போயி நான் தப்பா நினைச்சுட்டேன்."

தம்பி மூலையில் முக்காலியில் உட்கார்ந்து குதிகாலிலிருந்து பிளாஸ்டரை உரித்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை. நான் அவனைப் பார்த்தேன். இப்போதாவது சொல்லலாம். கதவு சாத்தியிருக்கிறது, இங்கே பதிவாளர் இல்லை, எந்தக் கடிதமும் எங்கேயும் போகாது. நடந்தது இதுதான் என்று இவளிடம் சொல்ல எனக்கு இரண்டு வார்த்தைக்குமேல் தேவையில்லை.

டீயை ஒரு வாய் குடித்தேன்.

"இந்த வீட்ல யாராவது ஒருத்தருக்காவது புத்தி இருக்கணும்ல," என்றேன்.

தம்பி, ஆமாம் என்று தலையாட்டினான்.